துறைமுகம் வந்த தடுப்பு மருந்து

அரபிக் கடலிலிருந்து கொச்சிக் கழிமுகத்துக்குள் நுழையும் கப்பலுக்கு வலப்புறத்தில் கோட்டைக் கொச்சியும் இடப்புறத்தில் வைப்பின் தீவும் தென்படும். உள்ளே வந்ததும் நீர்வழி இரண்டாகப் பிரிகிறது. மேற்குக் கால்வாயின் கரையில் மட்டாஞ்சேரி. கிழக்குக் கால்வாயின் கரையில் எர்ணாகுளம். இரண்டிற்கும் நடுவே, கடலடி மண்ணைத் தோண்டிக் கொட்டி உருவாக்கிய வில்லிங்டன் தீவு. அத்தீவிலுள்ள துறைமுகச் சுகாதார அலுவலகத்தில் ஒரு விசித்திரமான ஊசி போடப்படுகிறது. அவ்வூசி தடுக்கும் நோய் இந்திய மண்ணில் இன்றுவரை ஒருவருக்கும் தொற்றியதாகத் தெரியவில்லை. ஆப்பிரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் செல்லும் மாலுமிகளும் பயணிகளும் மஞ்சள் காய்ச்சலுக்கு எதிரான அந்த ஊசியைப் போட்டுக்கொண்டு, சான்றிதழ் பெற்ற பின்னரே புறப்படுகின்றனர். இல்லாத நோய்க்கு இத்தனை காவல் எதற்கு என்று கேட்கத் தோன்றலாம். மட்டாஞ்சேரி போன்ற துறைமுக நகரங்களின் பழைய அனுபவத்தில் அதற்கு விடை இருக்கிறது.

மட்டாஞ்சேரி கடலால் வாழ்ந்த ஊர். 1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூதர்களின் தொழுகைக்கூடம், போர்ச்சுகீசியர் 1555-ஆம் ஆண்டளவில் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்து, பின்னர் டச்சுக்காரர் புதுப்பித்ததால் டச்சு அரண்மனை என்றே பெயர் பெற்றுவிட்ட மாளிகை, கொங்கணிகளின் திருமலைக் கோயில், குஜராத்தி வணிகரின் பண்டகசாலைகள், கச்சி மேமன்களின் பள்ளிவாசல் ஆகியவை நடந்தே பார்த்துவிடக்கூடிய தொலைவில் அமைந்துள்ளன. அடுத்துள்ள கோட்டைக் கொச்சியில், டச்சுப் படையினரின் துணிகளை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழிவந்தோர் இன்றும் பொதுச் சலவைத்துறையில் தொழில் நடத்துகின்றனர். மிளகுக்காகவும் இஞ்சிக்காகவும் இத்தனை மக்களைக் கொண்டுவந்து சேர்த்த கடல், அவர்களோடு நோய்களையும் கொண்டுவந்தது. நோய்க்கு மாற்றும் பெரும்பாலும் கடல்வழியாகவே வந்தது. ஆனால் நோய் வந்த வேகத்தில் மாற்று வரவில்லை. அந்தத் தாமதத்தின் காரணத்தை ஆராய்வதே தடுப்பு மருந்துகளின் வரலாற்றில் பயனுள்ள பகுதியாகும்.

பெரியம்மையும் வெப்பமும்

மலையாளக் கரையில் பெரியம்மையை வசூரி என்பர். கொச்சிக்கு வடக்கேயுள்ள கொடுங்கல்லூர்ப் பகவதி கோயிலில் வசூரிமாலை என்னும் தேவதைக்குத் தனிச் சந்நிதியே உண்டு. மஞ்சட்பொடி படைத்து வழிபடுவது வழக்கம். தமிழ்நாட்டில் மாரியம்மனுக்கு வேப்பிலை சார்த்துவதைப் போன்றதே இதுவும். அம்மை கண்ட வீட்டு வாயிலில் வேப்பிலை செருகுவதும், அயலார் வரவைத் தவிர்ப்பதும் நம்பிக்கையின் பாற்பட்டவையாயினும், தொற்று பரவுவதைச் சிறிதேனும் தடுத்திருக்கும். மருந்து இல்லாத காலத்தில் மக்களிடம் வேறு கருவி எதுவும் இருக்கவில்லை. தடுப்பு பெறாதவர்களிடையே கடுமையான பெரியம்மை தாக்கினால் பத்துப் பேரில் ஏறக்குறைய மூவர் மாண்டனர். பிழைத்தவர் முகத்தில் தழும்பும், சிலர் கண்ணில் குருடும் எஞ்சின.

1796 மே 14-ஆம் நாள் எட்வர்டு ஜென்னர் என்ற ஆங்கில மருத்துவர், பால்காரப் பெண்ணொருத்தியின் கையில் மாட்டம்மையால் உண்டான கொப்புளத்திலிருந்து நீரெடுத்து, ஜேம்ஸ் பிப்ஸ் என்ற எட்டு வயதுச் சிறுவனின் கையில் ஏற்றினார். பின்னர்ப் பெரியம்மைச் சீழையே ஏற்றியும் அச்சிறுவனுக்கு நோய் வரவில்லை. இந்தச் செய்தி ஐரோப்பாவெங்கும் சில ஆண்டுகளில் பரவிவிட்டது. இந்தியாவுக்குச் செய்தி வந்தது, மருந்து வரவில்லை. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரும் கப்பலில் மாதக்கணக்கில் பயணம் செய்வதற்குள் அம்மைப்பால் தன் வீரியத்தை இழந்துவிட்டது. மீண்டும் மீண்டும் அனுப்பியும் பயனில்லை.

வியன்னாவிலிருந்த ழான் தெ கார்ரோ என்ற மருத்துவர் வேறு வழி கண்டார். உலர்த்திய அம்மைப்பாலை அவர் தரைவழியே பாக்தாதுக்கு அனுப்பினார். அங்கே அது ஒரு குழந்தையின் கையில் ஏற்றப்பட்டது. அக்குழந்தையின் கொப்புளத்திலிருந்து அடுத்த குழந்தைக்கும், அதிலிருந்து வேறொன்றுக்குமாகப் பாஸ்ரா வரை சென்று, அங்கிருந்து கப்பலில் பம்பாயை அடைந்தது. 1802 ஜூன் 14-ஆம் நாள் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு அது பயன்பட்டது. இந்தியாவில் வெற்றிகரமாக அம்மை குத்தப்பெற்ற முதல் குழந்தை அவளே. அவளிடமிருந்து பெற்ற பாலே கைக்குக் கையாகப் பரவி, அவ்வாண்டிலேயே சென்னைக்கும் இலங்கைக்கும் எட்டியது. அந்நாளில் தடுப்பு மருந்தைக் காக்கும் பாத்திரம் குழந்தையின் உடலே. ஏறத்தாழ எட்டு நாட்களுக்கு ஒருமுறை புதிய குழந்தை கிடைக்காவிடில் சங்கிலி அறுந்து, மருந்து அழிந்துவிடும்.

மலையாள நாட்டின் அரசுகள் இதனைச் சீக்கிரமே ஏற்றன. திருவிதாங்கூரில் ராணி கௌரி லட்சுமி பாயியின் ஆட்சிக் காலத்தில், அதாவது 1815-க்கு முன்னரே, அம்மை குத்தும் பணி தொடங்கிவிட்டது. 1879-இல் அரசு ஊழியர், மாணவர், சிறைவாசிகள் ஆகியோர் கட்டாயமாக அம்மை குத்திக்கொள்ள வேண்டும் என்று அவ்வரசு பிரகடனம் செய்தது. பள்ளிக்கூடத்தின் வாயிலாக ஒரு சுகாதார ஏற்பாட்டைக் குடும்பங்களுக்குள் கொண்டுசெல்லலாம் என்பதை அன்றைய நிர்வாகம் அறிந்திருந்தது கவனிக்கத்தக்கது. கொச்சியில் நிலைமை சற்றுச் சிக்கலானது. மட்டாஞ்சேரி கொச்சி மகாராஜாவின் ஆட்சியில் இருந்தது. ஒட்டியிருந்த கோட்டைக் கொச்சியோ பிரிட்டிஷ் கொச்சி என்ற பெயரில் சென்னை மாகாணத்தைச் சார்ந்திருந்தது. சில தெருக்களைக் கடந்தால் வேறு சர்க்கார், வேறு நகரசபை. இவை யாவும் ஒரே மாநகராட்சியாக இணைந்தது 1967 நவம்பர் 1-ஆம் நாளில்தான். எல்லைக்கு இப்பால் அம்மை குத்துபவர் முறையாக வந்து, அப்பால் வராமற்போனால், இருபுறத்துக் குழந்தைகளும் ஆபத்துக்குள்ளாவர்.

கைக்குக் கை மாற்றும் முறையில் குறைகள் பல. ஒருவர் உடலிலிருந்து வேறு நோய்களும் உடன் செல்லக்கூடும். அயலார் குழந்தையின் கொப்புளநீரைத் தம் குழந்தைக்கு ஏற்றுவதில் சாதி கருதியும் சுகாதாரம் கருதியும் மக்கள் தயங்கினர். தன் குழந்தையின் கொப்புளத்தைக் கீறி எடுப்பதையும் தாய்மார் விரும்பவில்லை. எனவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கன்றுக்குட்டியின் தோலில் அம்மைப்பால் வளர்க்கும் முறை பரவியது. சென்னை மாகாணச் சுகாதாரக் கமிஷனராக இருந்த டபிள்யூ. ஜி. கிங், வெப்பத்தில் பால் கெடாதிருக்க லானோலின் என்னும் கம்பளிக் கொழுப்பில் அதைக் குழைத்துப் பார்த்தார். 1899-இல் நிறுவப்பெற்று அவர் பெயர் தாங்கி நிற்கும் கிண்டி கிங் நிலையம், அம்மைப்பால் தயாரிப்பதையே முதற்பணியாகக் கொண்டது.

ஆயினும் வெப்பம் தோற்கவில்லை. நாட்டின் பல பகுதிகளில் அம்மை குத்தும் வேலை குளிர்கால மாதங்களில் மட்டுமே நடைபெற்றது. கோடையில் பால் கெட்டுவிடும். கொச்சி போன்ற ஈரவெப்பக் கரையோர ஊரில் குளிர்காலம் என்று ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பதே அரிது. பகல் முழுதும் வெயிலில் நடந்து, பையிலுள்ள குழாய்ப் பாலை நூறு கைகளில் குத்திவிட்டு, ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பாதிக் கைகளில் கொப்புளமே எழவில்லை என்று கண்ட ஊழியரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். ஊழியர் வந்தார், குத்தினார், பதிவேட்டிலும் எழுதினார். காப்பு மட்டும் உண்டாகவில்லை. அடுத்த முறை அம்மை வந்து அக்குழந்தைகள் நோயுற்றபோது, ஊசியே பொய் என்று ஊரார் பேசினர். வெப்பத்தால் கெட்ட மருந்து, மக்களின் நம்பிக்கையையும் உடன் கெடுத்தது.

இத்தடையை நீக்கியது 1950-களில் லண்டன் லிஸ்டர் நிலையத்தில் லெஸ்லி காலியர் செம்மைப்படுத்திய உறைய வைத்து உலர்த்தும் முறை. இவ்வாறு உலர்த்திய பால் 37 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் ஒரு மாதம் வரை வீரியம் குன்றாது நின்றது. 1962-இல் இந்தியாவில் தேசியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது, மக்களில் நூற்றுக்கு எண்பது பேருக்குக் குத்திவிட்டால் நோய் தானே மறையும் என்று எதிர்பார்த்தனர். அவ்வாறு மறையவில்லை. குத்தப்பெற்றவர்களே மீண்டும் மீண்டும் கணக்கில் ஏறினர். ஒதுக்குப்புறங்களில் வாழ்ந்தோரும், ஊர் மாறிச் செல்லும் கூலியாட்களும், கைக்குழந்தைகளும் விடுபட்டனர். சுழலும் கத்தி போன்ற பழைய கருவி குழந்தைகளை மிகவும் வருத்தியதால், பெற்றோர் அவர்களை ஒளித்து வைத்ததும் உண்டு. 1960-களின் இறுதியில் வந்த இருமுனை ஊசி இக்குறையைத் தீர்த்தது. கவை போன்ற அதன் நுனியில் ஒரு துளி மருந்து தங்கும். பதினைந்து முறை இலேசாகக் குத்தினால் போதும். சில நிமிடப் பயிற்சியில் எவரும் கற்றுக்கொள்ளக்கூடிய இக்கருவி, பெரும் இயந்திரங்கள் செய்யாத வேலையைச் செய்தது.

சென்னைத் தொற்றுநோய் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் ஏ. ஆர். ராவ், பெரியம்மை காற்றுப்போல் எங்கும் பரவுவதில்லை, பெரும்பாலும் ஒரே வீட்டில் நெருங்கி வாழ்வோரிடையேதான் பரவுகிறது என்பதைத் தம் ஆய்வுகளால் காட்டினார். இது உண்மையாயின், நாட்டிலுள்ள எல்லோரையும் தேடுவதைவிட, நோயாளியைக் கண்டுபிடித்து, அவரைச் சுற்றியுள்ளோர்க்கு உடனே மருந்து குத்துவது சிறந்தது. 1973-இல் தீவிரமடைந்த இயக்கம் இவ்வழியையே பின்பற்றியது. அம்மை கண்ட குழந்தையின் படம் அச்சிட்ட அட்டையுடன் ஊழியர்கள் சந்தைக்கும் பள்ளிக்கும் சென்றனர். இப்படிப்பட்ட நோயாளியை எங்கேனும் கண்டதுண்டா என்று மாணவர்களையே கேட்டனர். பெரியோர் மறைத்ததைப் பிள்ளைகள் சொல்லிவிட்டனர். 1974-இல் இந்தியாவில் ஏறக்குறைய 1,88,000 பேர் பெரியம்மை கண்டதாகப் பதிவாயிற்று; அதற்கடுத்த ஆண்டின் மே மாதத்திலேயே நாட்டின் கடைசி நோயாளி கண்டறியப்பட்டார். தென்னிந்தியா அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே பெரும்பாலும் விடுபட்டிருந்தது. 1980 மே 8-ஆம் நாள் உலக சுகாதாரப் பேரவை பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தது.

இல்லாத நோய்க்கு ஒரு காவல்

கொச்சிக் கழிமுகத்தின் வாயிலை அடைத்திருந்த மணல்திட்டை வெட்டி ஆழப்படுத்தியவர் ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர். 1928 மே மாதத்தில் பத்மா என்ற கப்பல் முதன்முதலாக உட்துறைமுகத்துக்குள் வந்தது. பெருங்கப்பல்கள் கரையருகே வந்து நிற்கத் தொடங்கியதும், கப்பலிலுள்ள கொசுவும் கரையருகே வந்தது.

இந்த அச்சம் கற்பனையன்று. 1914-இல் பனாமா கால்வாய் திறக்கப்படும் முன்னரே, அமெரிக்கக் கண்டத்தின் மஞ்சள் காய்ச்சல் ஆசியத் துறைமுகங்களை அடையுமோ என்ற கவலை எழுந்தது. இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த எஸ். பி. ஜேம்ஸ் நேரில் சென்று ஆராய்ந்து, இந்தியாவைக் காப்பது பற்றி 1913-இல் அறிக்கை அளித்தார். கவலைக்குக் காரணம் எளியது. நோயைப் பரப்பும் ஏடிஸ் ஈஜிப்தி கொசு இந்தியத் துறைமுகங்களில் ஏராளமாக உள்ளது. உப்பங்கழிகளால் சூழப்பெற்ற மட்டாஞ்சேரியில் நல்ல நீர் அரிது. ஒரு காலத்தில் ஆலுவாயிலிருந்து படகில் கொண்டுவந்த நீரைக் குடங்களிலும் தொட்டிகளிலும் சேமித்து வைத்தே மக்கள் வாழ்ந்தனர். வீட்டிலுள்ள தெளிந்த நீரில் முட்டையிடும் இக்கொசுவுக்கு இதைவிட வசதி வேண்டுவதில்லை. இன்று தொட்டியோடு பழைய டயரும் தேங்காய்ச் சிரட்டையும் சேர்ந்துள்ளன. டெங்குவைப் பரப்பும் கொசுவும் இதுவே. இவ்வூருக்குப் பெயர்க்கேடு தேடித் தந்த யானைக்கால் நோயைப் பரப்புவது வேறு கொசு. அது சாக்கடையில் வளர்வது. வீங்கிய காலுக்குக் கொச்சிக்கால் என்றே ஐரோப்பியர் பெயரிட்டனர். அந்நோய்க்கு இன்றும் தடுப்பூசி கிடையாது. மாத்திரையும் சாக்கடைச் சீர்திருத்தமுமே வழி.

மஞ்சள் காய்ச்சல் மருந்தின் கதையில் இந்தியாவுக்கும் ஒரு பங்குண்டு. 1927-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட் நாட்டில், இன்றைய கானாவில், அசிபி என்ற நோயாளியின் இரத்தத்தை ஆராய்ச்சியாளர் இந்திய வகை ரீசஸ் குரங்குக்கு ஏற்றினர். ஆப்பிரிக்கக் குரங்குகள் நோயைத் தாங்கிக்கொண்டன. இந்தியக் குரங்கு மாண்டது. நோய்க்காரணத்தைப் பிரித்தெடுக்க இதுவே வழி திறந்தது. அசிபி பிழைத்தார். ஆராய்ச்சியை நடத்திய ஏட்ரியன் ஸ்டோக்ஸ் அதே ஆண்டில் அந்நோயாலேயே இறந்தார். அடுத்த ஆண்டு நொகுச்சி என்ற ஜப்பானிய விஞ்ஞானியும் அக்ராவில் இதற்கே பலியானார். அசிபியிடமிருந்து பெற்ற வைரஸைக் கோழிக்கருவின் திசுக்களில் நூற்றுக்கு மேற்பட்ட முறை மாற்றி மாற்றி வளர்த்து, அதன் கொடுமை தணிந்த ஓர் இனத்தை மாக்ஸ் தீலர் 1937-இல் பெற்றார். 17டி எனப்படும் அந்த உயிருள்ள வைரஸே இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. 1951-இல் தீலர் நோபல் பரிசு பெற்றார்.

நல்ல மருந்தும் கையாளும் முறையால் தீங்காகலாம். 1942-இல் அமெரிக்கப் படையினர்க்குப் போடப்பட்ட இம்மருந்தில் மனிதச் சீரம் சேர்க்கப்பட்டிருந்தது. அச்சீரத்தில் மறைந்திருந்த கல்லீரல் அழற்சி வைரஸ் காரணமாக ஏறக்குறைய 50,000 பேர் மஞ்சட்காமாலையால் வருந்தினர். அதன்பின் சீரமின்றியே மருந்து தயாரிக்கப்படுகிறது. இத்தகைய நிகழ்ச்சிகளை மறைத்துத் தடுப்பூசியைப் போற்றுவது தவறான அனுதாபம். குறை எவ்வாறு கண்டறியப்பட்டுக் களையப்பட்டது என்று சொல்வதே மக்களின் ஐயத்தைத் தீர்க்கும்.

கொச்சியில் இன்று நடைபெறும் காவல் இரண்டு அடுக்குகளைக் கொண்டது. நோயுள்ள நாட்டுக்குச் செல்பவர் ஊசி போட்டுக்கொள்கிறார்; பத்து நாள் கழிந்த பின்னரே அச்சான்றிதழ் செல்லும். முன்பு பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2016 ஜூலை 11 முதல் ஒரு முறை போட்டுக்கொண்டாலே ஆயுள் முழுதும் செல்லும். சான்றிதழின்றி நோயுள்ள நாட்டிலிருந்து வருபவர் ஆறு நாள் வரை தனித்து வைக்கப்படலாம். தொற்றிய பின் நோய் வெளிப்படுவதற்கு அதுவே உச்சக் காலம். இரண்டாவது அடுக்கு கொசுவைப் பற்றியது. துறைமுகத்தைச் சுற்றிக் குறைந்தது 400 மீட்டர் வரையில் ஏடிஸ் கொசு வளராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது சர்வதேச விதி. கொசுவின் பறக்கும் தொலைவைக் கணக்கிட்டு வகுத்த எல்லை இது. கப்பலில் ஏறிச் சோதிக்கும் அதிகாரியைவிட, தொட்டிகளுக்குள் விளக்கடித்துப் புழு தேடும் ஊழியரின் வேலை மட்டமானதன்று.

ஆசியாவில் இந்நோய் ஏன் இதுவரை வேரூன்றவில்லை என்பதற்கு முழுமையான விடை விஞ்ஞானத்துக்கு இன்னும் கிட்டவில்லை. ஆனால் வர இயலாது என்று எவரும் உறுதி கூற இயலாது. 2016-இல் அங்கோலாவில் நோய் பெருகியபோது, அங்கு வேலை செய்து திரும்பிய 11 பேர் நோயோடு சீனாவில் வந்திறங்கினர். ஆசியாவில் அத்தகைய நிகழ்ச்சி பதிவானது அதுவே முதல் முறை. அவ்வாண்டில் உலகின் மருந்து இருப்பு போதாமல், காங்கோவின் கின்ஷாசா நகரில் வழக்கமான அளவில் ஐந்தில் ஒரு பங்கையே ஒவ்வொருவருக்கும் போட்டுச் சமாளிக்க நேர்ந்தது.

பனிக்கட்டி கற்ற நகரம்

1953-இல் கொச்சியிலிருந்து உறைய வைத்த இறால் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகத் தொடங்கியது. பனிக்கட்டித் தொழிற்சாலைகளும் குளிர்ச்சாலைகளும் பெருகின. சிறிது நேரம் குளிர் தவறினாலும் இறால் நாறிவிடும், வாங்குபவர் திருப்பியனுப்பிவிடுவார். தடுப்பு மருந்து கெட்டால் நாறுவதில்லை. நிறமும் பெரும்பாலும் மாறுவதில்லை. கெட்டது என்பது சில ஆண்டுகள் கழித்து, நோய் வந்த பின்னரே தெரியவருகிறது. குளிர்ச் சங்கிலி என்று ஊழியர்கள் சொல்லும் ஏற்பாட்டின் தொல்லை முழுவதும் இதில் அடங்கியுள்ளது.

இந்தியாவில் 1978-இல் விரிவான தடுப்பூசித் திட்டமும், 1985-இல் அனைவருக்கும் தடுப்பூசித் திட்டமும் தொடங்கின. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இசிவு நோய், இளம்பிள்ளை வாதம், தட்டம்மை, காசநோய் ஆகியவற்றுக்கான மருந்துகள் ஒரே பெட்டியில் கிராமத்துக்குச் சென்றன. இவற்றின் குணங்கள் ஒன்றல்ல. இளம்பிள்ளை வாதச் சொட்டு மருந்து வெப்பத்தைச் சற்றும் பொறுக்காது. நெடுநாள் வைக்க உறைநிலைக்கும் கீழே இருபது டிகிரி வேண்டும். கக்குவான், இசிவு, தொண்டை அடைப்பான் ஆகிய மூன்றுக்குமான கூட்டு மருந்தோ உறைந்தால் கெடும். அதிலுள்ள அலுமினிய உப்பு திரண்டு, மருந்தைத் தன்னிடம் ஏந்தி நிற்கும் தன்மையை இழந்துவிடுகிறது. குளிர் மிகுந்தால் நன்மையும் மிகும் என்று எண்ணி, அதைப் பனிக்கட்டியோடு ஒட்டி வைப்பவர் அறியாமல் அதை அழிக்கிறார். வெயிலைப் பற்றிய எச்சரிக்கை எங்கும் ஒலிக்கிறது. குளிரால் வரும் கேட்டைப் பற்றிய எச்சரிக்கை குறைவாகவே காதில் விழுகிறது.

ஐயத்துக்குரிய மருந்தைச் சோதிக்க எளிய வழியுண்டு. அதே வகை, அதே தொகுதிக் குப்பி ஒன்றை வேண்டுமென்றே உறைய வைத்து உருக்க வேண்டும். பின் இரண்டு குப்பிகளையும் ஒன்றாகக் குலுக்கி, அருகருகே வைத்துக் கவனிக்க வேண்டும். உறைந்த குப்பியில் வண்டல் விரைவில் கீழே படியும். ஐயத்துக்குரியதிலும் அதே வேகத்தில் படிந்தால், அதுவும் உறைந்ததே; பயன்படுத்தலாகாது. பள்ளி வகுப்பறையிலும் செய்து காட்டக்கூடிய சோதனை இது. வெப்பத்தைக் காட்டவோ, 1996 முதல் குப்பியின் மேலேயே ஓர் அடையாளம் வந்துவிட்டது. வட்டத்துக்குள்ளிருக்கும் சதுரம் வெப்பம் பட்டுப் பட்டுக் கருக்கும். வட்டத்தின் நிறத்தை அது எட்டிவிட்டால் மருந்து பயனற்றது. எழுத்தறியாதவரும் படிக்கக்கூடிய வெப்பமானி என்று இதைச் சொல்லலாம்.

சொட்டு மருந்து குளிர் தவறாமல் சேர்ந்தும் நம் நாட்டுக் குழந்தைகளிடம் எதிர்பார்த்த பலன் தரவில்லை என்பதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் எடுத்துக்காட்டினார். குளிர்நாட்டில் மூன்று தவணை போதும், இங்கே போதவில்லை. பல தவணைகளை ஒரே நாளில் ஊர் முழுவதற்கும் கொடுக்கும் முறைக்கு அவருடைய ஆய்வுகள் துணை நின்றன. 1995-இல் தொடங்கிய அந்த இயக்கத்தின் விளைவாக, 2011 ஜனவரி 13-இல் மேற்கு வங்கத்தின் ஹௌராவில் கண்ட ஒரு குழந்தையோடு இந்தியாவில் இயற்கையான இளம்பிள்ளை வாதம் முடிந்தது.

நெருங்கிய தெருக்களும் எண்ணிக்கையும்

மட்டாஞ்சேரி கேரளத்தின் மிக நெருக்கமான குடியிருப்புகளில் ஒன்று. தட்டம்மை இத்தகைய இடத்தையே விரும்பும். காப்பில்லாத மக்களிடையே ஒரு நோயாளி பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேர் வரை தொற்றவைக்கக்கூடும். ஆகவே நூற்றுக்கு 95 பேராவது காப்பு பெற்றிருக்க வேண்டும். மாவட்டக் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு என்று கண்டு மகிழ்வோர், எஞ்சிய பத்துப் பேர் எங்குள்ளனர் என்று கேட்பதில்லை. பத்து வெவ்வேறு தெருக்களில் ஒவ்வொருவராக இருந்தால் ஆபத்து சிறிது. ஒரே தெருவில், ஒரே பள்ளியில், ஒரே எண்ணமுடைய பத்துக் குடும்பங்களில் இருந்தால் அத்தெருவில் காப்பு எதுவும் இல்லை. கேரளத்தின் சராசரி எப்போதும் உயர்ந்தே இருந்தும், மலப்புரம் மாவட்டத்தில் 2016-இல் தொண்டை அடைப்பான் தலைதூக்கிப் பிள்ளைகளின் உயிரைக் கொண்டது இக்காரணத்தாலேயே. ஐந்து வயதில் ஒன்றும், பத்து வயதிலும் பதினாறு வயதிலும் ஒவ்வொன்றுமாகப் போடவேண்டிய ஊக்கத் தவணைகளைப் பெற்றோர் மறந்துவிடுகின்றனர். அவற்றை நினைவுபடுத்தும் இடம் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடுதான். மறுக்கும் பெற்றோர் எல்லோரும் அறியாதவர் அல்லர். சிலர் முன்பு ஊசி போட்டபின் குழந்தைக்கு வந்த காய்ச்சலைக் கண்டு அஞ்சியவர். அத்தகையவரிடம், காய்ச்சல் வரலாம், ஓரிரு நாளில் தணியும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்த ஊழியருக்கே மறுமுறை கதவு திறக்கிறது.

2020 ஜனவரி 30-இல் இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி கொச்சிக்கு வடக்கேயுள்ள திருச்சூரில் கண்டறியப்பட்டார். ஓராண்டு முடிவதற்குள் தடுப்பு மருந்து வந்துவிட்டது. ஜென்னரின் மருந்து இந்தியாவை அடைய ஆறாண்டுகள் ஆனதோடு இதை ஒப்பிடலாம். அயல்நாடுகளில் முதலில் வந்த சில மருந்துகள் உறைநிலைக்குக் கீழே எழுபது டிகிரியில் வைக்க வேண்டியவை. மட்டாஞ்சேரியிலோ வேறெந்தச் சாதாரண நகரிலோ அத்தகைய பெட்டி இல்லை. இந்தியாவில் முதலில் வழங்கப்பட்ட இரண்டு மருந்துகளும் இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் வைத்தால் போதுமானவை. குழந்தைகளின் தடுப்பூசிக்காக ஆண்டுக்கணக்கில் பேணப்பட்டு வந்த அதே குளிர்ப்பெட்டிகளில் அவை இடம்பெற்றன. 2021 ஜனவரி 13-ஆம் நாள் புனேயிலிருந்து விமானம் நெடும்பாசேரியில் இறங்கியது. கேரளத்துக்கு முதலில் ஒதுக்கிய 4,33,500 தவணைகளுள் 1,80,000 கொச்சியிலுள்ள மண்டல மருந்துக் கிடங்குக்கும், 1,34,000 திருவனந்தபுரத்துக்கும், 1,19,500 கோழிக்கோட்டுக்கும் பிரித்தளிக்கப்பட்டன. கோழிக்கோட்டுப் பங்கிலிருந்து 1,100 தவணைகள் மாஹிக்குச் சென்றன. மூன்று நாட்களுக்குப் பின், ஜனவரி 16 காலையில், ஊசி போடும் பணி தொடங்கியது; முதலில் போட்டுக்கொண்டவர்கள் சுகாதார ஊழியர்கள்.